பெரிய கிளைடர் மாடல் கட்டுவோருக்கு: முதலில் வைக்க இடம், பிறகு மரம்

என் முதல் பெரிய கிளைடரை, அதாவது ரேடியோவால் இயக்கும், எஞ்சின் இல்லாத மாடல் விமானத்தை, கட்டி முடிக்க 14 மாதம் ஆயிற்று. ஒரே ஒரு குளிர்காலத்தில் அது கெட்டது. கராஜில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இடது இறக்கையை மார்ச் மாதம் எடுத்துப் பார்த்தால், நுனிப்பக்கம் முறுக்கிக்கொண்டு, துணி தொளதொளவென்று தொங்கியது. கட்டுவது எப்படி என்று பலரிடம் கேட்டேன். கட்டிய பிறகு எங்கே வைப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறது.

நான் இருப்பது இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில். சட்டம், விலை, தட்பவெப்பம் எல்லாம் பிரிட்டனுக்கானவை. உதாரணமாக எடுத்துக்கொள்வது ஷ்லைஷர் கே 8 என்ற ஜெர்மன் கிளைடரின் 1/4 அளவு மாடல். அசலின் இறக்கை 15 மீட்டர், மாடலுக்கு 3.75 மீட்டர். மாடல் மர எலும்புக்கூட்டின் மேல் துணி போர்த்தியது என்பதால், கட்டுவது, போர்த்துவது, பாதுகாப்பது மூன்றையும் ஒன்றிலேயே கற்றுக்கொள்ளலாம்.

1. பிளான் (கட்டும் வரைபடம்) வாங்கும் முன் அளவு டேப்பை எடுங்கள்

1/4 அளவில் கே 8-இன் பாதி இறக்கை ஏறத்தாழ 1.8 மீட்டர். உடல் 1.75 மீட்டர். 1/3 அளவுக்குப் போனால் பாதி இறக்கை இரண்டரை மீட்டர், உடல் 2.3 மீட்டரைத் தாண்டும். படத்தில் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மாடிப்படித் திருப்பத்தில் தெரியும்.

நான் இப்போது எல்லோருக்கும் சொல்லும் முறை இது. 1.9 மீட்டர் நீளத்தில் ஒரு மரச்சட்டம் வெட்டுங்கள். அதில் 35 செ.மீ. அகலத்துக்கு அட்டைப்பெட்டியை விரித்து ஒட்டுங்கள். அதுதான் உங்கள் பொய் இறக்கை. கட்டப்போகும் அறையிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து கார் வரை அதைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். காரின் பின்கதவைத் திறந்து, முன்பக்கப் பயணி இருக்கையை முழுதாகச் சாய்த்து உள்ளே விட்டுப் பாருங்கள். கதவு மூடுகிறதா? கியர் போடக் கை போகிறதா? இரண்டு இறக்கை, உடல், வால் எல்லாம் சேர்ந்து போகவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பிறகு அந்தப் பொய் இறக்கையை வீட்டில் எங்கே வைக்கலாம் என்று தேடி, ஒரு வாரம் அங்கேயே விட்டுவையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் நாலு தடவை அதில் இடித்துக்கொண்டால் அது சரியான இடமல்ல.

இந்தச் சோதனைக்கு ஒரு சனிக்கிழமை போதும். இதில் தேறாத மாடலை விட்டுவிட்டு, தேறுகிற அளவுக்கு இறங்குங்கள்.

2. பதிவும் காப்பீடும்

கட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஆனால் முதல் நாளே பணம் கட்டவும் வேண்டாம். பறக்கவிடுவதற்கு ஒரு மாதம் முன் செய்தால் போதும்.

சி.ஏ.ஏ. எனப்படும் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியில் இரண்டு எண்கள் எடுக்கவேண்டும். ஒன்று பறக்கவிடுபவருக்கான ஃப்ளையர் ஐடி. இணையத்தில் ஒரு தேர்வு, கட்டணம் இல்லை, 5 ஆண்டு செல்லும். மற்றது மாடலுக்குப் பொறுப்பானவருக்கான ஆபரேட்டர் ஐடி. 18 வயது நிரம்பியவர்தான் எடுக்கமுடியும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். கட்டணம் உண்டு, அது அவ்வப்போது மாறுவதால் பதியும் நாளில் பாருங்கள்.

மாடலின்மீது ஒட்டவேண்டியது ஆபரேட்டர் ஐடி. ஃப்ளையர் ஐடியை ஒட்டிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்து உயரம் 3 மி.மீ.க்கு மேல் இருக்கவேண்டும். அசலைப் போலவே தெரியவேண்டும் என்று பாடுபட்டுக் கட்டிய விமானத்தின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மனம் வராது. கருவி எதுவும் இல்லாமல் திறக்கக்கூடிய இடத்துக்குள் ஒட்டலாம் என்று விதி இடம் தருகிறது. நான் காக்பிட் மூடியைத் திறந்தால் தெரியும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

காப்பீடு: 20 கிலோவுக்குக் குறைந்த மாடலைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவருக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் காப்பீடு இல்லாமல் ஆறு கிலோ எடையை மனிதர்கள் நடமாடும் குன்றின்மேல் அனுப்பாதீர்கள். சங்கங்களும் நிலச் சொந்தக்காரர்களும் எப்படியும் கேட்பார்கள். பி.எம்.எஃப்.ஏ. எனப்படும் பிரிட்டிஷ் மாடல் ஃப்ளையிங் அசோசியேஷன் உறுப்பினர் கட்டணத்திலேயே காப்பீடு அடங்கும். உறுப்பினர் அட்டை, இரண்டு ஐடிகள் ஆகியவற்றை ஃபோனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். குன்றின்மேல் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

உயர வரம்பு 120 மீட்டர் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குன்றின் விளிம்பில் நின்று பள்ளத்தாக்கின் மேல் விடும்போது இது குழப்பும். 10 கிலோவுக்குக் குறைந்த கிளைடர், பறக்கவிடுபவர் நிற்கும் மட்டத்திலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகாதவரை, கீழே தரை எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. கே 8 ஆறு கிலோவை ஒட்டி நிற்பதால் இதற்குள் வந்துவிடும். சங்க உறுப்பினர்களுக்கு சி.ஏ.ஏ. தந்திருக்கும் தனி அனுமதியில் இன்னும் தளர்வு உண்டு. அதன் நிபந்தனைகளைப் படிக்காமல் அதை நம்பிப் பறக்கவிடாதீர்கள். 25 கிலோவைத் தாண்டும் ராட்சத மாடல்களுக்கு வேறு நடைமுறை, புதியவர் அந்தப் பக்கம் போகவேண்டியதில்லை.

3. பிளான், கிட், மரம்: எங்கே பணம் போகும்

கட்டத் தேவையான பொருள்கள் அடங்கிய முழு கிட், பிளானும் லேசர் வெட்டிய ரிப்களும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடுகள்) மட்டும் அடங்கிய ஷார்ட் கிட், வெறும் பிளான் என்று மூன்று வழி. புதியவருக்கு ஷார்ட் கிட் என்பது என் அபிப்பிராயம். ரிப் வெட்டும் அலுப்பு இல்லை, மரத்தை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

ஜெர்மனியிலிருந்து கிட் வரவழைப்பவர்கள் கவனிக்க: சரக்கின் மதிப்பு 135 பவுண்டைத் தாண்டினால் இங்கே வந்து இறங்கும்போது 20 சதவீத வாட் வரி கட்டவேண்டும். சுங்கத் தீர்வையும் சேரலாம். அதை வசூலித்துத் தருவதற்கென்று கூரியர்காரர் ஒரு தொகை போடுவார். எனக்கு வந்த பெட்டியில் விலைச்சீட்டு இல்லாததால் 11 நாள் கிடங்கில் கிடந்தது. ஆர்டர் கொடுக்கும்போதே, பெட்டிக்கு வெளியே பையில் விலைச்சீட்டை ஒட்டச் சொல்லி எழுதுங்கள்.

நீளமான மரத்தில் இன்னொரு பொறி. பால்சா என்ற மிக லேசான மரம் 915 மி.மீ., 1220 மி.மீ. நீளங்களில் கிடைக்கும். ஸ்பாருக்கான (இறக்கையின் நீளவாக்கில் ஓடி எடையைத் தாங்கும் சட்டம்) ஸ்ப்ரூஸ் மரச்சட்டம் பல கடைகளில் ஒரு மீட்டர்தான். இரண்டு மீட்டர் சட்டம் இருந்தாலும் அனுப்பும் கூலி மரத்தின் விலையை மிஞ்சும். சாய்வெட்டுப் போட்டு ஒட்டிக்கொள்வதில் தவறில்லை. தடிமனுக்குப் பத்து மடங்கு நீளத்தில் சாய்வு இருக்கட்டும். அதாவது 10 மி.மீ. சட்டத்துக்கு 100 மி.மீ. மேல் ஸ்பாரின் ஒட்டும் கீழ் ஸ்பாரின் ஒட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது, இரண்டுமே இறக்கையின் வேர்ப்பகுதியிலிருந்து, அதாவது உடலோடு சேரும் முனையிலிருந்து, தள்ளியே இருக்கவேண்டும்.

எனக்கு ஆன செலவு, பவுண்டில்: ஷார்ட் கிட் 260, மரமும் பிளைவுட்டும் 150, பசைகள் 45, ஏழு சர்வோ (அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) 210, ரிசீவர், பேட்டரி, வயர் 140, கவரிங் (போர்த்தும் துணி) 120, இணைப்புக் கம்பி, சக்கரம், காக்பிட் மூடி 95. மொத்தம் 1,020. கையில் வைத்து இயக்கும் டிரான்ஸ்மிட்டர் ஏற்கெனவே இருந்தது. பணம் ஒரே நாளில் போகாது, 14 மாதத்தில் பிரிந்து போகும். சர்வோக்களை முதலிலேயே வாங்கிக் குவிக்காதீர்கள். ஆனால் இறக்கைக்குள் போகும் நான்கை மட்டும் முன்பே வாங்குங்கள். அவற்றின் அளவு தெரியாமல் அவை உட்காரும் பெட்டியைச் செய்யமுடியாது.

4. மேசை

இறக்கை எவ்வளவு நேராக வரும் என்பதை மேசைதான் தீர்மானிக்கிறது. கட்டுமானக் கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டுக் கதவுப் பலகை, 1981 மி.மீ. நீளம், 762 மி.மீ. அகலம். கே 8-இன் பாதி இறக்கை அதில் கச்சிதமாக உட்காரும். இழைப்பு அலங்காரம் இல்லாத தட்டைக் கதவாகப் பார்த்து, கடையிலேயே நேர்க்கோல் வைத்துச் சரிபார்த்து வாங்குங்கள். குண்டூசி இறங்குவதற்கு அதன்மேல் மென்பலகை ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

அறை வெப்பம் முக்கியம். ஜனவரி மாதக் கராஜில் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடும் பசை) இறுகாது. மறுநாள் தொட்டால் பிசுபிசுக்கும். வெள்ளை மரப்பசை குளிரில் வெண்பொடியாகக் காய்ந்துவிடும், பார்க்க ஒட்டியதுபோல இருந்தாலும் பிடிப்பு இருக்காது. கராஜில்தான் வேலை என்றால் ஒட்டும் வேலையை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் வெட்டுவது, தேய்ப்பது, வயர் கட்டுவது போன்றவற்றைச் செய்யுங்கள்.

பிளான் தாளை விரித்ததும் முதலில் அதன்மேல் அச்சிட்டிருக்கும் அளவுகோலை உங்கள் ஸ்கேலால் அளந்து பாருங்கள். நகலெடுக்கும் கடையில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கிவிடுவார்கள். ஒரு சதவீதம் குறைந்தாலும் லேசர் வெட்டிய ரிப்கள் பிளானோடு சேராது.

5. இறக்கை

பிளானில் பெரும்பாலும் ஒரு பக்க இறக்கைதான் வரைந்திருக்கும். அதை வைத்தே இரண்டையும் கட்டி, இரண்டு இடது இறக்கையோடு நிற்பவர்கள் உண்டு. தாளின் பின்புறம் சமையல் எண்ணெயைப் பஞ்சால் தடவினால் தாள் ஊடுருவித் தெரியும். திருப்பிப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, வலது இறக்கையைக் கட்டலாம்.

கட்டும் வரிசை: கீழ் ஸ்பார், ரிப்கள், மேல் ஸ்பார், பிறகு இரண்டு ஸ்பாருக்கும் நடுவே ஒவ்வொரு ரிப் இடைவெளியிலும் தடுப்புத் தகடு. இந்தத் தகட்டில் மர நார் செங்குத்தாக நிற்கவேண்டும். படுக்கையாக வைத்தால் இறக்கை வளையும்போது கிழியும். வேரிலிருந்து முதல் சில இடைவெளிகளுக்குப் பால்சா போதாது, பிளைவுட் போடுங்கள்.

இரண்டு இறக்கைகளையும் சேர்க்கும் எஃகுக் கம்பி நுழையும் பித்தளைக் குழாய்தான் முழு விமானத்தையும் தாங்குகிறது. பித்தளை வழவழப்பாக இருந்தால் எபாக்ஸி உரிந்துவிடும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் ஒட்டி, ஸ்பாரோடு சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றி, நூலின்மேலும் எபாக்ஸி தடவுங்கள். இதற்கு ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம். மெதுவாக இறுகுவதைப் பயன்படுத்துங்கள்.

இறக்கை நுனியில் பின்விளிம்பு சற்றே உயர்ந்திருக்கும். வாஷ்அவுட் என்பார்கள். வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்குவிசை இழந்து விமானம் சுழன்று விழாமல் காப்பது இது. என் பிளானில் நுனியில் 6 மி.மீ. பின்விளிம்பின் அடியில் ஆப்பு வைத்து, முன்விளிம்புப் பலகையை ஒட்டி முடிக்கும்வரை அதை எடுக்காதீர்கள். மேலும் கீழும் பலகை ஒட்டி முன்விளிம்பு ஒரு மூடிய பெட்டியாக ஆகிவிட்டால், அந்த முறுக்கு அப்படியே உறைந்துவிடும். ஆப்பு இல்லாமல் ஒட்டிவிட்டு அப்புறம் சரிசெய்யலாம் என்றால் நடக்காது. ஆப்புகளை ஒரே மரத்தில் வெட்டி, எந்த ரிப்புக்கு எது என்று எழுதி வையுங்கள். வலது இறக்கைக்கும் அவைதான்.

பலகையை மூடும் முன் நிறுத்தி, கீழ்க்கண்டவற்றைக் கைதொட்டுப் பாருங்கள். ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க, இறக்கையின் பின்விளிம்பில் ஆடும் பலகை) வயர் போட்டாயிற்றா? ஏர்பிரேக் (வேகத்தைக் குறைக்க இறக்கையிலிருந்து எழும் தகடு) வயர்? பிற்காலத்தில் வயர் மாற்றவேண்டி வந்தால் இழுப்பதற்கு ஒரு நைலான் நூல் உள்ளே இருக்கிறதா? ஏர்பிரேக் தடங்கல் இல்லாமல் ஏறி இறங்குகிறதா? நான் ஒரு பக்கம் நூல் விடாமல் மூடிவிட்டேன். ஒரு வயர் அறுந்தபோது, போர்த்திய இறக்கையின் அடியில் ஜன்னல் வெட்டவேண்டியதாயிற்று.

6. உடலும் வாலும்: தராசைப் பக்கத்திலேயே வையுங்கள்

கே 8-க்கு மூக்கு குட்டை, வால் நெடியது. என் மாடலில் வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டரை கிராம் ஈயம் போட்டால்தான் சமநிலை வருகிறது. ஆகவே வால் பகுதிக்கு எடை குறைந்த பால்சாவைத் தேர்ந்தெடுங்கள். கடையில் ஒரே அளவுப் பால்சாத் தாள்கள் இரண்டை எடைபோட்டால் ஒன்று மற்றதைவிட இரு மடங்குகூட இருக்கும். சமையலறைத் தராசைக் கையோடு கொண்டு போங்கள், கடைக்காரர்கள் தவறாக நினைப்பதில்லை. கனமானவை இறக்கை வேருக்கு, லேசானவை வாலுக்கு.

உடலின் மற்ற வேலைகள் பிளானிலேயே தெளிவாக இருக்கும். கிளைடரை இழுத்து மேலேற்றும் கயிற்றை விடுவிக்கும் கொக்கிக்குத் தனி சர்வோ வேண்டும் என்பதையும், பேட்டரி முடிந்தவரை மூக்கில் உட்காரவேண்டும் என்பதையும் மட்டும் நினைவில் வையுங்கள். வெறும் ஈயத்துக்குப் பதில் பேட்டரியே எடையாகட்டும். இந்த அளவு மாடலுக்கு இரண்டு பேட்டரி போடுவது பாதுகாப்பு, மூக்குக்கும் நல்லது.

7. கவரிங்: வாங்குவதும் தயாராவதும்

இரண்டு வகை. வழவழப்பான பிளாஸ்டிக் ஃபிலிம், ஓராகவர் போன்றவை. நெசவு தெரியும் பாலியெஸ்டர் துணி, ஓராடெக்ஸ் போன்றவை. இரண்டின் அடியிலும் பசை பூசியிருக்கும், சூட்டில் ஒட்டும், மேலும் சூடேற்றினால் சுருங்கி இறுகும். ஃபிலிம் எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் கே 8 போன்ற பழைய விமானத்துக்கு அது பொருந்தாது. துணி போர்த்திய இறக்கை வெயிலுக்கு நேரே வரும்போது உள்ளே ரிப்கள் நிழலாடுவதைப் பார்த்தால், நான் ஏன் துணிக்குப் பேசுகிறேன் என்று புரியும். புல்வெளியில் முள் குத்தினாலும் துணி எளிதில் கிழியாது.

என் மாடலில் இறக்கைப் பரப்பு 0.88 சதுர மீட்டர், மேலும் கீழும் சேர்த்து ஏறத்தாழ 1.77. வால், உடல் சேர்த்தால் 3 சதுர மீட்டரை நெருங்கும். 60 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளச் சுருள் நான்கு வாங்கினேன். இறக்கை வேரில் அகலமாகவும் நுனியில் குறுகியும் இருப்பதால், மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் தலைமாற்றி அடுக்கினால் ஒரே சுருளில் ஒரு இறக்கை முழுதும் முடியும். முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்துவிட்டுத் துணியில் கத்தி வையுங்கள். நான்கையும் ஒரே தடவையில் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து வாங்கிய வெள்ளை வேறு வெள்ளையாக இருக்கும்.

போர்த்துவதற்கு முன் இரண்டு வாரம் இறக்கை வீட்டுக்குள் இருக்கட்டும். ஈரக் கராஜிலிருந்து கொண்டுவந்து அன்றே போர்த்தினால், மரம் வீட்டுச் சூட்டில் காய்ந்து சுருங்கும்போது துணி தொய்யும். மறுபடி மறுபடி இஸ்திரி போட்டு இறுக்குவீர்கள், அது மறுபடி மறுபடி தொய்யும். அந்த முதல் குளிர்காலத்தில் என் இறக்கைக்கு நேர்ந்ததில் பாதி இதனால்தான்.

தேய்ப்பதில் சோம்பல் வேண்டாம். 240 உப்புத்தாள், பிறகு 320, பிறகு வாக்குவம் கிளீனர், பிறகு தூசியைப் பிடிக்கும் பிசுபிசுப்பான துணியால் துடைப்பு. காய்ந்த பசைத் துளி ஒன்று கடுகளவு இருந்தாலும் துணிக்கு மேலே மலையாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். கண்ணைவிட விரலுக்கு மேடு பள்ளம் நன்றாகத் தெரியும்.

8. போர்த்துவது

இஸ்திரிப் பெட்டியின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பவேண்டாம். தொடாமல் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அளக்கும் வெப்பமானி பளபளக்கும் உலோகத் தகட்டில் தவறாகக் காட்டும். தகட்டில் தொட்டு அளக்கும் வெப்பமானி 10 பவுண்டுக்குள் கிடைக்கிறது. ஒட்டும் சூடு, சுருக்கும் சூடு இரண்டையும் சுருளோடு வரும் தாளில் பாருங்கள். அந்த இரண்டு நிலைகளையும் இஸ்திரியின் திருகில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது தவறிச் சுருக்கும் சூட்டுக்குப் போனால், துணி இடத்தில் உட்காரும் முன்பே இழுத்துக்கொள்ளும்.

வாலில் தொடங்குங்கள். சிறியது, கெட்டாலும் அரை மீட்டர் துணிதான். அடுத்து ரடர் (திசை திருப்பும் வால் பலகை), ஐலரான். இறக்கை கடைசியில், அதிலும் கீழ்ப்பக்கம் முதலில். மேல்துணி விளிம்பில் கீழ்த்துணியின்மேல் ஒரு சென்டிமீட்டர் ஏறி உட்காரும்.

சுற்றளவு முழுதும் ஒட்டு, நடுவே எங்கும் சூடு காட்டாதே: இதுதான் விதி. வேரில் ஒரு இடத்தில் ஒட்டி, நுனியில் லேசாக இழுத்து ஒட்டி, பிறகு முன்விளிம்பில் ஒரு புள்ளி, பின்விளிம்பில் ஒரு புள்ளி என்று மாறி மாறி நடுவிலிருந்து இரு பக்கமும் போங்கள். கையால் சுருக்கம் நீக்கினால் போதும், முரசுத் தோலாக இழுக்கவேண்டாம். இறுக்கத்தைச் சூடு பார்த்துக்கொள்ளும். ரிப்பின் அடிப்பக்கம் உள்வளைவாக இருக்கும் மாடல்களில் மட்டும், சுருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு ரிப்பின் அடியிலும் துணியை ஒட்டிவிடவேண்டும். இல்லையென்றால் சுருங்கும்போது அந்த வளைவிலிருந்து துணி பிரிந்து நேராக நின்றுவிடும்.

சுருக்கும் கட்டத்தில்தான் இறக்கை முறுக்கிக்கொள்ளும். மேல்பக்கத்தை முழுதாகச் சூடேற்றிவிட்டுக் கீழே வராதீர்கள். மேலே இரண்டு இடைவெளி, திருப்பிக் கீழே இரண்டு இடைவெளி. பாதி முடிந்ததும் இறக்கையை அதே கதவுப் பலகைமேல், அதே ஆப்புகளை வைத்துப் பாருங்கள். லூட்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், என்னைவிட இருபது வருடம் மூத்த அனுபவசாலி, என் முறுக்கிய இறக்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பயப்படாதையும். செட்டையை மற்றப் பக்கம் முறுக்கிப் பிடியும், நான் சூடு காட்டுறன்." அப்படியே செய்தோம். தேவையான அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து, துணியைச் சூடேற்றி, ஆறும்வரை கையை எடுக்காமல் வைத்திருந்தால் முறுக்கு நேராகிறது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். தனியாகச் செய்யப் பார்த்து நான் ஒரு ரிப்பை உடைத்திருக்கிறேன்.

வெப்பத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: தெர்மோகோல் உள்ளீடு கொண்ட இறக்கையில் அதைக் காட்டினால் உள்ளே உருகிக் குழி விழும். அவற்றுக்கு இஸ்திரி மட்டும், அதுவும் குறைந்த சூட்டில்.

இரண்டு இறக்கைக்கும் எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. வால், உடல் சேர்த்து ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. சமநிலையும் முதல் நாளும்

பிளானில் குறித்த சமநிலைப் புள்ளியில் தாங்கிப் பிடித்தால் விமானம் மூக்கு இம்மியளவு தாழ நிற்கவேண்டும். வால் தாழ நின்றால் பறக்கவிடாதீர்கள். ஈயத்தைத் திருகு வைத்துப் பொருத்துங்கள், பையில் போட்டுச் செருகினால் நகரும்.

முதல் தடவை தனியாகப் போகவேண்டாம். எங்கள் பக்கத்தில் டன்ஸ்டபிள் டவுன்ஸ், ஐவிங்ஹோ பீக்கன் ஆகிய குன்றுகள் உண்டு. காற்று சரியான திசையில் அடித்தால் விளிம்பில் நின்று விடலாம். ஆனால் அங்கே மனிதர் ஓட்டும் கிளைடர்களும் பறக்கின்றன. எந்தக் குன்றிலும் யார் அனுமதி தருகிறார், எந்தச் சங்கத்தில் சேர்ந்திருக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். இறங்கும் இடத்தைக் காலால் நடந்து பாருங்கள், முயல்வளை இருக்கும்.

10. வைக்கும் இடம்

வெட்டவெளிக் கொட்டகை வேண்டாம். ஈரத்தோடு எலியும் வரும், உடலுக்குள் கூடு கட்டி வயரைக் கடிக்கும். கூரைக்கடியில் உள்ள லாஃப்ட் இடமாகத் தோன்றும். ஆனால் ஜூலை மாத வெயிலில் ஓட்டுக்கடியில் கொதிக்கும், ஜனவரியில் உறையும். வெப்பமூட்டாத கராஜின் கதையை ஏற்கெனவே சொன்னேன். வீட்டுக்குள், நாம் வாழும் அதே காற்றில் வைப்பதே நல்லது. என் மாடல் இப்போது மாடிப்படிச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், பஞ்சு சுற்றிய மரக்கைகளில் இருக்கிறது. ஈரமானி ஒன்று பக்கத்தில் தொங்குகிறது. 45 முதல் 60 சதவீதம் வரை இருந்தால் நான் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இறக்கையைச் சாய்த்து நிறுத்தாதீர்கள். முன்விளிம்பு கீழே இருக்கும்படி, இரண்டு தாங்கிகளில் படுக்கவையுங்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று உள்ளே தாங்கி வந்தால் தொய்வு மிகக் குறைவு. 1.8 மீட்டர் இறக்கைக்கு அது சுமார் 40 செ.மீ. பின்விளிம்பின்மேல் எடை எதுவும் படக்கூடாது.

பைகள்: கட்டுமானக் கடையில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒட்டும் வெள்ளிநிறக் குமிழ்த்தாள் சுருளாகக் கிடைக்கும். இரண்டாக மடித்து ஓரம் தைத்தால் இறக்கைப் பை. 25 பவுண்டில் முழு விமானத்துக்கும் ஆயிற்று. கோடையில் காருக்குள் இருக்கும்போது வெள்ளிநிறம் சூட்டைத் திருப்பி அனுப்பும். கறுப்புப் பையில் வைத்துக் காரில் விட்டால் துணி மறுபடி சுருங்கி இறக்கை முறுக்கும். ஆனால் பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தங்கும். பனி படிந்த புல்லில் இறங்கிய நாளில், வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து இரவு முழுக்க வெளியே வையுங்கள். நீண்டகாலம் வைக்கும்போது குமிழ்த்தாளை விட்டுவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றுகிறேன். தூசு அண்டாது, காற்று போகும். ஒரு எட்டு முழ வேட்டியில் இரண்டு இறக்கையும் அடங்கும்.

பேட்டரிகளை விமானத்திலிருந்து கழற்றிவிடுங்கள். லித்தியம் பாலிமர் என்றால் முழுச் சார்ஜில் விடாமல் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், தீப்பிடிக்காத பெட்டியில் வையுங்கள். எஃகு இணைப்புக் கம்பியில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அதை இறக்கைக்குள் விட்டுவைத்தால் துரு பித்தளைக் குழாயோடு பிடித்துக்கொள்ளும். ரடரை இழுக்கும் கம்பிகளைத் தளர்த்துங்கள், ஐந்து மாதம் இழுவிசையில் நின்றால் சர்வோவுக்கும் கீலுக்கும் நல்லதல்ல.

மார்ச் கடைசியில், பறக்கும் காலம் தொடங்கும் முன், இறக்கைகளைக் கதவுப் பலகைக்குக் கொண்டுவந்து அந்தப் பழைய ஆப்புகளை வைத்துப் பாருங்கள். என்னுடையவை ஒரு டப்பாவில் இருக்கின்றன, எந்த ரிப்புக்கு எது என்று மேலே எழுதி. இந்த ஆண்டு இரண்டு இறக்கையும் ஆப்பில் சரியாக உட்கார்ந்தன.